முத்துமாரி சுட்ட ரொட்டியும் அவள் திருத்திய கதையும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், சட்டென்று மனதில் ஒரு பொறி விழுந்தது என்றெல்லாம் அளக்க எனக்கும் தெரியும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாராவியிலிருந்து முத்துமாரி போன் செய்தாள்.

"ஏட்டி பானு, நீ கதை எழுதுதவதானே?"

"ஆமா."

"அப்போ என் ரொட்டிய எழுது."

நானும் முத்துமாரியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கல்யாணமாகி நான் பம்பாயை ஒட்டிய சான்பாடாவுக்கு வந்துவிட்டேன். அவள் தாராவியிலேயே, பிறந்த சந்துக்கு அடுத்த சந்தில் வாழ்க்கைப்பட்டாள். அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, அவளுக்குக் கேட்கத் தெரியாது. உத்தரவு போடத்தான் தெரியும்.

"என்ன ரொட்டி?" என்றேன்.

"சான்ட்விச் ரொட்டி. முழுக் கோதுமை. மைதா ஒரு சிட்டிகை கெடையாது. வெரல வச்சு அமுக்குனா உள்ள போயி, ஏக்தம் பஞ்சு மாதிரி திரும்ப எந்திச்சு வருது. வீட்டுல சுட்டது. நான் சுட்டது."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில் இருந்த கர்வம் இருக்கிறதே, அது எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. என் வீட்டிலும் ஓவன் இருக்கிறது. நானும் கோதுமை ரொட்டி சுட்டுப் பார்த்தவள்தான். (என் வீட்டுக்காரர் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் என்றார். இதை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதால் நீங்கள் படிக்காத மாதிரி இருந்துகொள்ளலாம்.)

"ஆனா ஒரு கண்டிசன்," என்றாள். "எழுத எழுத எனக்குப் படிச்சுக் காட்டணும். எனக்குச் சரிப்பட்டாத்தான் புஸ்தகத்துக்குக் கொடுக்கணும்."

எழுதுகிறவளிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? எனக்குச் சுள்ளென்று வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

"தாராவியின் இருண்ட சந்து ஒன்றில், பத்துக்குப் பத்து அறையில், வறுமையில் வாடிய ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் ஒரு சின்னஞ்சிறு கனவு—"

"நிப்பாட்டு," என்றாள் போனில். "யாருட்டி வாடுனது?"

"அது ஒரு இதுக்குத்தான்…"

"எந்த இதுக்கு? ரொட்டிய எழுதச் சொன்னா ரூம அளந்துட்டுக் கெடக்க. சான்பாடா போனதும் நம்ம சந்து உனக்கு இருட்டாயிட்டு, என்ன? சும்மா காலி பீலி அழுவாத. அடி அத."

அடித்துவிட்டேன். நியாயம்தான். முத்துமாரி வாடிப்போன ஆள் கிடையாது. தோல் பை செய்கிற பட்டறைக்கு ஜிப் தைத்துக் கொடுக்கிறாள். அவள் தைத்த ஜிப் நடுவழியில் நின்று பார்த்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். இதையும் அவளே சொன்னாள்.

இரண்டாவது தொடக்கம்:

"கோதுமை வெறும் தானியம் மட்டுமா? மனித நாகரிகத்தின் முதல்—"

இதை அவளுக்குப் படித்துக் காட்டவே இல்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது தொடக்கம்:

"அன்று காலை அந்தச் சந்து முழுக்க ரொட்டி வெந்த வாசனை பரவி, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி—"

"பொய்," என்றாள். "எங்க சந்துல தோல் வாசனை. அந்தப் பக்கம் சோப்பு காய்ச்சுத வாசனை. ரொட்டி வாசனை என் வாசப்படிய தாண்டாது. என் ரொட்டிக்குப் பொய்யெல்லாம் வேண்டாம்ட்டி, அது நல்லாத்தான் இருக்கு."

நான்காவது தொடக்கம்:

"இசக்கிதுரை பாவ் சுடுகிறவர். அவர் மனைவி முத்துமாரி."

'அடி' என்று அவள் சொல்லவில்லை. பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"இது சரி. ஆனா மாத்திப் போடு. மொத நான், பெறகு அவரு."

ஆகவே கதை இப்படித் தொடங்குகிறது: முத்துமாரி ரொட்டி சுடுகிறவள். அவள் கணவர் இசக்கிதுரை பாவ் சுடுகிறவர்.

3

பம்பாயில் பாவ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காக ஒரு வரி: மைதாவில் சுட்ட, கையடக்கமான, மெத்தென்ற ரொட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகை பலகையாகப் பட்டி என்கிற பெரிய சூளையடுப்பிலிருந்து வெளியே வரும், ஊருக்கே அதைச் சாயாவில் முக்கித்தான் விடிகிறது. இசக்கிதுரை அண்ணன் (சிநேகிதியின் கணவர் எனக்கு அண்ணன்தான்) இளவட்டமாக ஊரிலிருந்து வந்த நாள் முதல் அந்தப் பட்டி முன்னால்தான் நிற்கிறார். இரவெல்லாம் வேலை. விடிந்ததும் கையில் சூடாக ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவார்.

"கல்யாணம் ஆனதுல இருந்து அவரு கொண்டாந்த பாவ்வத்தான் தின்னுட்டு இருக்கேன்," என்றாள் முத்துமாரி. "ஒரு நாளு நான் சுட்டத அவரு திங்கட்டுமேன்னு தோணிச்சு."

"அதுக்கு எதுக்குட்டி கோதுமை? மைதாவுல சுட்டா லேசா வந்துருமே."

"மைதாவுல சுட்டா, அவருகிட்ட படிச்சதும்பாங்க. அவரு கணக்குல போயிரும். கோதுமைன்னா என் கணக்கு."

(எழுதுகிறவளின் குறிப்பு: இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்தேன். இப்படி ஒரு காரணத்தை நான் உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு வராது.)

பக்கத்து வீட்டு சைனப் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள். பெரிய ஓவன் வாங்கியபோது பழையதை முத்துமாரிக்குக் கொடுத்தாள். ரொட்டி அச்சுக்கு முத்துமாரியே சந்துமுனை தகரப் பட்டறையில் எண்ணெய் டின்னை வெட்டி, நீளப் பெட்டியாக மடக்கி வாங்கிக்கொண்டாள். மாவுச் சக்கியில் கோதுமையைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று அரைத்து வந்தாள். எல்லாம் தயார். அண்ணன் வாசலில் சாயா குடித்துக்கொண்டு, சைனபும் இன்னும் நாலு பேரும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கோதுமையில பஞ்சு மாதிரி ரொட்டியா? நானும் பட்டியில நின்னு தலை நரைச்சவன். அதெல்லாம் வராதுளா. செங்கல்லுதான் வரும்."

முத்துமாரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வர வைக்கேன். வர வச்சு, உங்க வாயாலயே நல்லாருக்குன்னு சொல்ல வைக்கேன். இல்லேன்னா இந்த ஓவன சைனப்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு, இனி ரொட்டின்னு வாயே தெறக்க மாட்டேன்."

இது எவ்வளவு பெரிய பேச்சு என்று உங்களுக்குத் தெரியாது. இசக்கிதுரை அண்ணன் தங்கமான மனிதர். குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் வைத்த குழம்பையோ பொரியலையோ பார்த்து "நல்லாருக்கு" என்ற வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். இல்லாவிட்டால் உப்பு ஜாஸ்தி என்பார். அந்த வார்த்தையை வைத்துத்தான் அவள் சந்து நடுவில் நின்று பந்தயம் கட்டிவிட்டாள்.

4

முதல் ரொட்டி.

இந்தத் தப்பை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை, இட்லி மாவு மாதிரி மூடி, ராத்திரி முழுக்க அடுப்படி மூலையில் வைத்துவிட்டாள். மாவு என்றால் பொங்கணும், எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு நல்லது. இதுதானே நமக்குத் தெரிந்த சாஸ்திரம்? காலையில் மூடி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். சந்தோஷமாக அதை வாரி அச்சில் போட்டுச் சுட்டாள். மாவோ ராத்திரியே பொங்கி முடித்துக் களைத்துப்போயிருந்தது. நடுவில் குழி விழுந்து, புளித்த வாடையோடு ஒன்று வெளியே வந்தது. "தோசையா ஊத்திருந்தாலும் தின்னுருக்கலாம்," என்றார் அண்ணன்.

இரண்டாவது ரொட்டி சரியாகப் பொங்கியது. ஆனால் கெட்டி. அண்ணன் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்து, "யாரு உள்ள?" என்று கேட்டார். சைனப் சிரித்துவிட்டாள். அன்றைக்கு முத்துமாரி சைனபோடும் பேசவில்லை.

(இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக் கோதுமை மாவில் தவிடு இருக்கிறது. தவிட்டுக்குத் தாகம் அதிகம். ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, மாவு இழுபடும்போது அந்த இழையை அறுத்தும் விடும். மைதாவுக்கு இந்த வம்பே கிடையாது. அதனால்தான் அண்ணன் செங்கல் வரும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இதைத் தொடர்ந்து, கதையும் மாவும் ஒன்றுதான், இரண்டும் ஊற வேண்டும் என்று ஒரு பத்தி எழுதினேன். ரொட்டி சுட்ட எழுத்தாளர்கள் எல்லோரும் இதையேதான் எழுதித் தள்ளுகிறார்கள். வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.)

மூன்றாவதும் நாலாவதும் இரண்டாவதற்கு அக்கா தங்கச்சிதான். எழுத ஒன்றுமில்லை.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு திருப்பம் தேவை. நான் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அழகான திருப்பம். எழுதியும்விட்டேன்:

"அவள் தூங்கிய பிறகு இசக்கிதுரை மெல்ல எழுந்து, பிசைந்து வைத்த மாவை எடுத்து, பட்டியில் பழகிய தன் கைகளால் சத்தமில்லாமல் மீண்டும் பிசையத் தொடங்கினார். அவளுக்குத் தெரியக்கூடாது. அவள் ஜெயிக்க வேண்டும் என்று—"

கணவனின் சொல்லாத அன்பு! படிக்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். நானே மூன்று தரம் படித்து ரசித்துக்கொண்டேன். அதே சூட்டோடு முத்துமாரிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏட்டி," என்றாள். இவ்வளவு நிதானமாக அவள் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. "என் மாவுல அவரு கைய எதுக்குட்டி விடுத?"

"ஒரு பாசத்துக்கு…"

"பாசத்துக்கு அவரு கடலை முட்டாயி வாங்கித் தரட்டும். நாலு தரம் கெடுத்து, கேலி வாங்கி, ஏச்சு வாங்கி நான் வர வச்ச ரொட்டி. அத நீ ஒரே வரியில அவருகிட்ட தூக்கிக் கொடுத்துட்டு, கண்ணத் தொடச்சிக்கிடுவ. அப்படித்தானே? அடி."

அடித்துவிட்டேன். மனசில்லாமல்தான். நல்ல வாக்கியங்கள் ஐயா அவை!

6

நடந்தது இது.

அண்ணனுக்குக் கடவாய்ப்பல் வலி. பிடுங்கியாயிற்று. கன்னம் வீங்கி, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். மெல்ல முடியாதே என்று முத்துமாரி கோதுமை மாவைப் பாலில் கரைத்துக் கஞ்சி காய்ச்சினாள். கட்டியில்லாமல், கூழ் மாதிரி, லேசாக உப்புப் போட்டு. ஆறட்டும் என்று வைத்து, பக்கத்தில் கொண்டுபோய் நீட்டினாள்.

"நான் என்ன சீக்காளியா? கஞ்சி ஊத்த வந்துட்டா," என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் கையில் கஞ்சி. எதிரே தாம்பாளத்தில் அஞ்சாவது ரொட்டிக்கான மாவு: ஈஸ்ட், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் போட்டாயிற்று, தண்ணீர் ஊற்றவேண்டியதுதான் பாக்கி. நம் வீடுகளில் மிச்சம் விழுந்தால் என்ன செய்வோம்? பழைய சோறா, அவலா, நேற்றைய உப்புமாவா, தோசை மாவு ஆட்டும்போது அதில் தள்ளிவிடுவோம். யோசித்துச் செய்கிற காரியமா அது? கை தானாகச் செய்யும். கோபத்தில் இருந்த கை அந்தக் கஞ்சியை அப்படியே மாவில் கொட்டிப் பிசைய ஆரம்பித்துவிட்டது.

பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. இது தோசை மாவு இல்லையே! அய்யோ, மாவு பிசுபிசுவென்று விரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. போச்சு, எல்லாம் போச்சு. ஆனால் மாவைத் தூக்கிக் குப்பையில் போடவும் மனசு வராது. கையில் எண்ணெய் தொட்டுத் தொட்டு, அண்ணன் மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் காட்டிப் பிசைந்து, மூடிவைத்துவிட்டு ஜிப் தைக்க உட்கார்ந்தாள்.

திரும்பிவந்து மூடியைத் திறந்தால், மாவு வழுவழுவென்று இரண்டு பங்காகி உட்கார்ந்திருக்கிறது. அச்சில் போட்டு மறுபடி எழும்ப விட்டாள். சுட்டாள். மேலே நெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடினாள். ஆறியபின் வெட்டினால், கத்தி சத்தமே போடாமல் இறங்கியது.

"சைனபு! ஏ சைனபு! இங்கன வாயேன்!" என்று அவள் கூப்பிட்ட கூப்பாட்டில், என்னவோ ஏதோ என்று பாதி சந்து எட்டிப் பார்த்ததாம்.

சைனப் ஒரு துண்டை எடுத்து மடக்கினாள். ஒடியவில்லை, உதிரவில்லை. "யா அல்லா! கடை ரொட்டி தோத்துச்சு முத்துமாரி," என்றாள்.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கொடுக்கவேண்டியதுதானே? கொடுக்கவில்லை.

"தப்புல வந்தது அது," என்றாள் என்னிடம். "தப்புல வந்தத வச்சு ஜெயிச்சா ஜெயிச்சதா? மறுநாளு வேணும்னே கஞ்சி காய்ச்சி ஊத்துனேன். மாவுல ஒரு கரண்டி எடுத்து கஞ்சி, மிச்சத்த அதுல பிசையணும். வந்துச்சு. அடுத்த தரமும் வந்துச்சு. அவரு கண்ணுலயே காட்டல. கஞ்சிய எறக்குத பதம் எனக்கு இப்போ கைக்குள்ள நிக்கி. அப்புறந்தான் உனக்கு போன் போட்டேன்."

(நான் கொஞ்சம் புத்தகப்புத்தியைக் காட்டினேன். ஜப்பானிலும் மாவில் ஒரு பங்கை வெந்நீரில் வேகவைத்து ரொட்டியில் சேர்க்கிற வழக்கம் உண்டு, வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மெத்தென்று வருகிறது என்றேன். "இருக்கும்," என்றாள். "அவுங்க வீட்டுலயும் புருசன்மாரு கஞ்சிய தள்ளிருப்பாங்க.")

7

"சாட்சிக்கு நீ வரணும்," என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை சான்பாடாவில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடந்தேன்.

ரொட்டி துணிக்குள் இருந்தது. பச்சைச் சட்னி, வெள்ளரி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட் எல்லாம் வெட்டி வரிசையாக வைத்திருந்தாள். சைனபும் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் வேலை முடிந்து வந்தார். வீக்கம் வடிந்து, பழைய மிடுக்கோடுதான் இருந்தார். கையில் வழக்கமான பொட்டலம்.

"வாம்மா பானு. இந்தச் செங்கல்லப் பாக்கவா அவ்வளவு தூரம் வந்த?" என்று சிரித்துக்கொண்டே கால் மடக்கி உட்கார்ந்தார். முன்னால் தட்டு.

முத்துமாரி துணியை விலக்கினாள். அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன். பட்டிக்காரர் இல்லையா? தொடாமலே தெரிந்துவிட்டது. அவள் வெட்டினாள். துண்டு துண்டாகச் சாய்ந்தது. சட்னி தடவி, அடுக்கி, மூடி, குறுக்கே ஒரு வெட்டு. முதல் சான்ட்விச்.

அண்ணன் கை தட்டுப்பக்கம் போனது. அவர் வீட்டில் முதலில் அவர் சாப்பிடுவார், பிறகுதான் அவள். அது யாரும் பேசி வைத்த ஏற்பாடில்லை. என் வீட்டிலும் அப்படித்தான், உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

முத்துமாரி அந்த முதல் சான்ட்விச்சைத் தன் வாயில் வைத்துக் கடித்தாள்.

நின்றபடியே. அவசரமே இல்லாமல். அண்ணன் வெறும் தட்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சைனப் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துமாரி மென்றாள், விழுங்கினாள், விரலில் ஒட்டிய சட்னியை நக்கினாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

என் சிநேகிதி. ஒரே பெஞ்சுக்காரி. எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மிவிட்டது, மறைப்பானேன்?

அதற்குப் பிறகுதான் அவருக்கு வைத்தாள். அவர் எடுத்தார். கடித்தார்.

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அவர் "நல்லாருக்குளா" என்கிறார். அவள் கண்—

இரண்டு: அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டி இன்னொன்று கேட்கிறார். அந்த நீட்டலில்—

மூன்று: அவர் மென்று முடித்து, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்கிறார். சந்தே சிரிக்—

இதில் ஒன்று நிஜமாக நடந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என் காதால் கேட்டேன். மூன்றையும் போனில் வாசித்துவிட்டு, "நடந்தத வச்சுக்கிடவா?" என்று கேட்டேன்.

"மூணும் வேண்டாம்."

"என்னட்டி இது! அதுக்குத்தானே பந்தயம் கட்டுன? என்னைய சாட்சிக்கே கூப்பிட்டியே?"

"கட்டுனேன். அது நான் திங்குததுக்கு முன்னாடி. அவரு வாயத் தெறக்கதுக்குள்ள ரொட்டி வெந்துட்டுல்லா? நானும் தின்னுட்டேன், நல்லாருக்குன்னும் சொல்லிட்டேன். பெறகு அவரு சொன்னது அவரு கதை. வேணும்னா அவரு ஒரு ஆளு வச்சு எழுதிக்கிடட்டும்."

"ஓவன்?"

"ஓவன் எங்கயும் போவாது. யாரு சொல்லியும் போவாது."

"படிக்கிறவங்க கேப்பாங்கட்டி, அவரு என்ன சொன்னாருன்னு. என்னைய ஏசுவாங்க."

"கேட்டா வீட்டுக்கு வரச் சொல்லு. ஆளுக்கு ரெண்டு துண்டு கொடுக்கேன். தின்னுட்டு அவுங்க சொல்லட்டும், எப்படி இருக்குன்னு."

போனை வைத்துவிட்டாள். எனவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. அவர் என்ன சொன்னார் என்பதை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் திருப்திப்படாதவர்கள் தாராவிக்குப் போய், சைனப் வீடு எது என்று கேட்டு, அதற்கு அடுத்த கதவைத் தட்டலாம். கூச்சப்பட வேண்டாம், ரொட்டி கட்டாயம் கிடைக்கும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: முதல் துண்டை அவள் தின்றிருப்பாள்.